திடீரென்று நிறுத்தக்கூடாது

ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்கப் போகிறவர்களுக்கு முதலில் பழக்குவது "நான்" என்ற சொல்லைத்தான். நோயாளி "எனக்கு வயிறு நோகுது" என்றால், "அவருக்கு வயிறு நோகிறதாம்" என்று டொக்டரிடம் சொல்லக்கூடாது. "எனக்கு வயிறு நோகிறது" என்று பிரெஞ்சில் சொல்லவேண்டும். டொக்டர் சொல்வதையும் அப்படியே. கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது, சொந்தமாக விளக்கம் கொடுக்கக்கூடாது, கேட்டதை வெளியே கொண்டுபோகக்கூடாது. இரண்டாயிரங்களின் பின்பாதியில் மொன்றியலில் இதுதான் என் வேலை. தொலைபேசியில் அழைத்து எந்த ஆஸ்பத்திரி, எந்த மாடி, எத்தனை மணி என்று சொல்வார்கள். போவேன். காலையில் எனக்குச் சிறுநீரகத்தில் கல் இருக்கும். மத்தியானம் ஆறு மாதக் கர்ப்பமாக இருப்பேன். பின்னேரம் மெட்ரோவில் ஏறும்போது எனக்கு ஒன்றும் இருக்காது.

ஒரு மாசி மாதக் காலை அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து அழைத்தார்கள். நடைகூடத்தோரம் தள்ளுகட்டிலில் படுத்திருந்த பெண் எனக்கு முகப்பழக்கமானவர். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசைக்கு வருகிற, எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கைச் சேர்ந்தவர். ஐம்பதை ஒட்டிய வயது. பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடி வீடு. நகரத்து ஹோட்டல் ஒன்றில் அறை துப்புரவாக்கும் வேலை. நான் அவரை எல்லோரையும் போல அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தெரிந்தவர் என்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது விதி. சொன்னேன். வேறு ஆளைக் கூப்பிடவா என்று டொக்டர் கேட்டார்.

"என்னத்துக்கு? எங்கட பிள்ளைதானே," என்றார் அக்கா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

முந்தின நாள் வேலையில் படுக்கை விரிப்பை உதறும்போது விழுந்திருக்கிறார். அதற்கு முன்பே சில நாட்களாகச் சாப்பிட்டதெல்லாம் சத்தியாக வெளியே வந்தது, தலைச்சுற்று வேறு. எழும்பி நின்றால் கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. இரத்த அழுத்தம் மிகவும் இறங்கியிருந்தது. சேலைன் ஏறிக்கொண்டிருந்தது.

டொக்டர் நரைத்த தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்த ஒரு பெண். சுரப்பிகளுக்கான விசேட மருத்துவர். அவரை அவசரப் பிரிவுக்காரர்கள் ஏன் அழைத்தார்கள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார், கைகளைத் திருப்பிப் பார்த்தார். முழங்கைக்குக் கீழே நாவற்பழ நிறத்தில் கண்டல்கள் இருந்தன.

"என்ன மருந்து எடுக்கிறீங்கள்?" என்று அவருடைய கேள்வியைத் தமிழில் கேட்டேன்.

"ஒண்டும் இல்லை."

பக்கத்தில் நின்ற கணவர் முந்திக்கொண்டார். இத்தாலிய உணவகம் ஒன்றில் சமையல் வேலை செய்பவர். "இவ தலையிடிக்குக்கூட ஒரு குளிசை போடமாட்டா. எனக்குத்தான் பிரஷருக்கு, சீனிக்கு எண்டு பை நிறையக் குளிசை. இவவுக்கு ஒரு வருத்தமும் இல்லை."

"கோர்ட்டிசோன் எப்பவாவது எடுத்தனீங்களோ? ஊசியா, குளிசையா, பூசுற மருந்தா?"

"இல்லை."

"முகம் எப்போதும் இப்படி உருண்டையாக இருக்குமா?" என்று டொக்டர் கேட்டார். நான் மொழிபெயர்த்ததும் கணவருக்கு முகம் மலர்ந்தது. "இல்லை, போன வருசம்தான் நல்லாப் பூரிச்சு வந்தவ. கோயில்ல எல்லாரும் சொல்லுறவை."

அது உண்மை. நானே சொல்லியிருக்கிறேன். எங்கள் ஆட்களிடையே முகம் உருண்டு வருவது நன்றாக இருப்பதன் அடையாளம். டொக்டர் அதை வேறு விதமாகக் குறித்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் அழைத்தார்கள். அக்காவை மேல்மாடி வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். இரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்திருந்தன. கட்டிலோரம் உட்கார்ந்து டொக்டர் ஒரு தாளில் இரண்டு சிறுநீரகங்களை வரைந்தார். ஒவ்வொன்றின் தலையிலும் தொப்பி போல ஒரு சின்னச் சுரப்பியை வைத்தார். அவர் சொன்னது இதுதான்: உடம்பு தனக்கு வேண்டிய கோர்ட்டிசோனைத் தானே சுரக்கும். வெளியிலிருந்து மாதக்கணக்காக நிறைய வந்தால் முகம் உப்பி உருளும், போதும்தானே என்று சுரப்பியும் தூங்கிவிடும். வெளியிலிருந்து வந்தது திடீரென்று நின்றால், தூங்கிய சுரப்பி உடனே எழும்பாது. அந்த இடைவெளியில் ஆள் விழும். சிலர் செத்தும் போவார்கள்.

"உங்கள் இரத்தம் அதைத்தான் காட்டுகிறது. யோசித்துப் பாருங்கள். ஏதாவது எடுத்தீர்களா?"

"நான் பொய் சொல்லுறன் எண்டு நினைக்கிறாவோ?"

அதைப் பிரெஞ்சில் நேராகத்தான் கேட்க வேண்டியிருந்தது. "நான் பொய் சொல்கிறேன் என்று நினைக்கிறீர்களா?"

"இல்லை," என்றார் டொக்டர். "ஆனால் இரத்தமும் பொய் சொல்வதில்லை."

டொக்டர் எழும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. போர்வையை விலக்கி அக்காவின் கால்களைப் பார்த்தார். வலது முழங்காலில் கை வைத்ததும் அக்கா முகத்தைச் சுளித்தார்.

"இது எப்போதிலிருந்து?"

"அது கனகாலம். ஹோட்டல்ல முழங்காலில நிண்டு குளியலறை துடைக்கிறதுதானே."

"இடைவிடாமல் நோகுமா?"

"இல்லை. போன வருசம் நோ இருக்கேல்லை. திருநாளுக்குக் கோயில் மண்டபத்தில நாள் முழுக்க நிண்டு சமைச்சனான், ஒண்டும் தெரியேல்லை. இப்ப ரெண்டு மூண்டு கிழமையாத்தான் திரும்ப வந்திட்டுது."

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"போன வருடம் ஏன் நோகவில்லை?"

நான் கேட்டேன். அக்கா டொக்டரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். எனக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்ற பார்வை அது.

"அது... மூலிகைக் கப்சூல் எடுத்தனான். காலமை ஒண்டு, வேலைக்குப் போக முதல் இன்னொண்டு. இப்ப சாமான் வரேல்லை, முடிஞ்சுபோச்சு." பிறகு, நான் தவறாக எடுத்துவிடக்கூடாது என்பது போல, "அது மருந்தில்லை, பிள்ளை. மூலிகை. சத்து," என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன், அந்தக் கடைசி வசனத்தையும் சேர்த்து. பிரெஞ்சிலும் அதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. மருந்துக்கடைகளில் ஒரு பக்கச் சுவர் முழுக்க நிற்கிற போத்தல்களுக்கு "இயற்கைப் பொருட்கள்" என்றுதான் பெயர். டொக்டருக்கு உடனே விளங்கியது. அவர் கேட்டதும் பிழையில்லை, அக்கா மறைத்ததும் இல்லை. மருந்து எடுக்கிறீர்களா என்று கேட்டார்கள், எடுக்கவில்லை என்றார்.

அடுத்த நாள் கணவர் போத்தலைக் கொண்டுவந்தார். வெள்ளைப் பிளாஸ்டிக் போத்தல். மேலே பச்சை இலைப் படம். மூட்டுகளுக்கு, முற்றிலும் இயற்கை, இரசாயனம் எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. ஏழெட்டு மூலிகைகளின் பெயர்களும் இருந்தன. அடியில் சில கப்சூல்கள் மிச்சம் கிடந்தன. மகளின் நிச்சயதார்த்தத்துக்கு நிற்க வேண்டிவரும் என்று அக்கா அவற்றைத் தொடாமல் வைத்திருக்கிறார். நோவோடு வேலைக்குப் போய் விழுந்த நாட்களிலும் தொடவில்லை.

ஆஸ்பத்திரியின் மருந்தாளர் போத்தலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எண் இல்லை," என்றார்.

அந்த எண் விஷயம் அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அரசு புதுச் சட்டம் கொண்டுவந்திருந்தது. மூலிகையோ, விற்றமினோ, மீன் எண்ணெயோ, விற்பதற்கு முன் அனுமதி எடுத்து எட்டு இலக்க எண் ஒன்றைப் போத்தலில் அச்சிட வேண்டும். விண்ணப்பங்கள் குவிந்துபோய்க் கிடந்ததால், எண் இல்லாத போத்தல்கள் அந்த ஆண்டுகளிலும் நல்ல கடைகளிலேயே இருந்தன. ஆகவே எண் இல்லை என்பதாலேயே கெட்டது என்று சொல்லிவிட முடியாது. எண் இருந்தால் யாரோ ஒருவர் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். இந்தப் போத்தலை யாரும் பார்க்கவில்லை. அது கடைக்கே போகவில்லை. கைக்குக் கை மாறி வந்திருந்தது.

மிச்சக் கப்சூல்களை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். அரசுக்கும் அறிவித்தார்கள். கோர்ட்டிசோனை ஊசியாக ஏற்றத் தொடங்கிய அன்றே அக்கா எழும்பி இருந்து சூப் குடித்திருந்தார். இனி அதைக் குளிசையாக, மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு போகவேண்டும், திடீரென்று நிறுத்தக்கூடாது என்று டொக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"இதை யார் தந்தது?" என்று கேட்டார்.

"தெரிஞ்ச ஆள்," என்றார் அக்கா.

யாரென்று எனக்குத் தெரியும். பங்கில் எல்லோருக்கும் தெரியும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் லவாலில் சொந்த வீடு வைத்திருந்த ஒரு அம்மா, அறுபது தாண்டியவர். ஊரில் படிப்பித்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் ரீச்சர்தான். அக்கா குடும்பம் அகதியாக வந்திறங்கிய குளிர்காலத்தில் கோட்டும் சப்பாத்தும் கொண்டுவந்து தந்தவர் அவர். குடிவரவு அலுவலகத்துக்குக் கூடப்போய்ப் பிரெஞ்சில் கதைத்தவர். ஹோட்டல் வேலையை எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். அவருடைய தம்பி ரொறன்ரோவிலிருந்து கப்சூல் பெட்டிகளை அனுப்புவார். கைவிரல் மடக்க முடியாமல் செபமாலை பிடிக்கவே கஷ்டப்பட்ட ரீச்சர், அதை எடுத்துச் சில வாரங்களில் தையல் ஊசியில் நூல் கோத்தார். அதைக் கண்டவர்கள் கேட்டார்கள். கேட்டவர்களுக்கு வந்த விலைக்கே கொடுத்தார். அவர் விளம்பரம் செய்யவில்லை. செய்யத் தேவையும் இருக்கவில்லை.

அந்த ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது ரீச்சர் என்னிடம் வந்தார்.

"அவவுக்கு இப்ப எப்பிடி? நீர்தானே ஆஸ்பத்திரிக்குப் போனனீர் எண்டு அவவின்ர மனுசன் சொன்னவர்."

"நான் ஒண்டும் சொல்லேலாது, ரீச்சர்."

"ஓமோம், அது உம்மட வேலை." அவர் கோபிக்கவில்லை. "எனக்கு என்ன தெரியுமோ, பிள்ளை? சாமான் நிண்டதாலதான் அவ விழுந்தவ. புதுசு வந்தவுடன முதல் போத்தல் அவவுக்குத்தான் குடுக்கப்போறன்."

காரணத்தை அவர் சரியாகத்தான் சொல்லியிருந்தார். நான் கோப்பையைக் கழுவி வைத்தேன். மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தபோது, இன்னும் மூன்று நான்கு முகங்கள் அதே உருண்டையில் இருப்பது கண்ணில் பட்டது. முன்பு அவற்றை நான் கவனித்ததே இல்லை. சொல்லக்கூடாது என்ற விதியை அன்றைக்கு நான் வெறுத்தேன் என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் மீறவில்லை. நான் வாய் திறந்தால் இனி இந்த மண்டபத்திலிருந்து ஒருவரும் டொக்டருக்கு முன்னால் என்னை வைத்துக்கொண்டு வாய் திறக்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

பங்குனியில் அக்காவின் கிளினிக் சந்திப்புக்குப் போனேன். ஆய்வு முடிவு வந்திருந்தது. கப்சூலுக்குள் போத்தலில் எழுதியிருந்த மூலிகைகள் சிலவும் இருந்தன. கூடவே கோர்ட்டிசோன் வகையைச் சேர்ந்த மருந்தொன்றும் ஒரு வலிநிவாரணியும் இருந்தன. அவை இரண்டும் போத்தலில் எழுதியிருக்கவில்லை.

"அப்ப நான் மருந்துதான் எடுத்திருக்கிறன்," என்றார் அக்கா.

"ஆம்."

"அதாலதான் நோ நிண்டதோ?"

"ஆம்," என்றார் டொக்டர். "அது வேலை செய்தது. அதுதான் சிக்கல்."

அரசு ஓர் எச்சரிக்கை வெளியிட்டிருப்பதாக அவர் சொன்னார். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இருந்தது. பாவிப்பதை உடனே நிறுத்துங்கள், டொக்டரைப் பாருங்கள் என்று ஒரே வரியில் போட்டிருந்தார்கள். அந்த வரியின் இரண்டாம் பாதி இல்லாமல் முதற்பாதியை மட்டும் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நீங்களே சாட்சி என்றார் டொக்டர். வேறு யாராவது எடுக்கிறார்களா என்று கேட்டார். யார் என்று சொல்லத் தேவையில்லை, அவர்களிடம் போய்ச் சொன்னால் போதும் என்றார்.

அக்கா மடியில் இருந்த கையுறையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

வெளியே மின்தூக்கிக்குக் காத்து நிற்கும்போது கேட்டார்: "நீர் சொல்லுவீரோ?"

"நான் சொல்லேலாது, அக்கா. உள்ள கதைச்சது உங்கட."

"அப்ப நான்தான் சொல்லவேணும்." கொஞ்ச நேரம் கழித்து, "ரீச்சருக்கு எப்பிடிச் சொல்லுறது? அவ இல்லாட்டி நாங்கள் இஞ்ச ஆருமில்லை," என்றார்.

அன்றிரவே சொல்லியிருக்கிறார். பிறகு நடந்ததை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தொலைபேசியில் ரீச்சர் முதலில் சிரித்தாராம். பிறகு, "நானும்தானே எடுக்கிறன், எனக்கு ஒண்டும் இல்லையே," என்று கோபித்தாராம். பிறகு அழுதாராம். அக்கா அரசு எச்சரிக்கையைப் பற்றிச் சொன்னதும் ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டாராம். நிறுத்தக்கூடாது என்பதை அக்கா சொல்ல வாய் எடுப்பதற்குள் தொடர்பு போய்விட்டது.

ரீச்சருக்கு விளங்கியது ஒன்றே ஒன்றுதான்: அரசு. பொலிஸ் வரும் என்று பயந்துபோனார். அதற்குள் புதிதாக வந்திறங்கியிருந்த கப்சூல்களை எல்லாம் கழிவறைக்குள் கொட்டித் தண்ணீர் அடித்தார், தன்னுடையதையும் சேர்த்து. பிறகு, தான் கொடுத்த ஆட்களுக்கு ஒவ்வொருவராகத் தொலைபேசி எடுத்து, "எல்லாத்தையும் எறியுங்கோ, ஒருத்தருக்கும் காட்டாதேங்கோ," என்று சொன்னார். அவர் மனத்தில் அது அவர்களைக் காப்பாற்றும் வேலை.

வியாழக்கிழமை அக்கா என்னை வீட்டுத் தொலைபேசியில் அழைத்தார். "பிள்ளை, எல்லாரும் எறிஞ்சுபோட்டினமாம். எனக்கு வந்தது அவைக்கும் வரும். டொக்டரிட்டக் கேக்கவேணும்." கிளினிக்கை அழைத்து மூன்று பேரும் ஒரே இணைப்பில் பேசினோம். டொக்டர் பேச்சை நீட்டவில்லை. எறிந்தவர்கள் காத்திருக்கவேண்டாம், சோர்வோ சத்தியோ இருந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும், போத்தல் இருந்தால் கையில் கொண்டுபோகவேண்டும் என்றார். எறியாதவர்கள் டொக்டரைக் காணும்வரை தாமாக நிறுத்தக்கூடாது, ஆனால் காண்பதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக்கூடாது. தனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அக்கா அன்றே எடுத்துச் சொன்னார். எல்லோரையும் அவருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில் அறிவித்தல்கள் வாசிக்கிற நேரம், அக்கா சொல்லிவைத்திருந்தபடி ஃபாதர் அவரை முன்னால் வரச் சொன்னார். தந்த ஆளின் பெயரைச் சொல்லக்கூடாது என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டாராம். அக்கா அதற்கு முன் ஒரு நாளும் ஒலிவாங்கியைப் பிடித்ததில்லை. வாசகம் வாசிக்கக் கேட்டபோதுகூட மாட்டேன் என்றவர். முழங்கால் நோவோடு பீடத்தின் படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எல்லாருக்கும் தெரியும், நான் ஆஸ்பத்திரியில இருந்தனான். ஏனெண்டு சொல்ல வந்தனான். பச்சை இலை போட்ட அந்தக் கப்சூல் நானும் எடுத்தனான். அது மூலிகை மட்டுமில்லை. அதுக்குள்ள கோர்ட்டிசோன் கலந்திருக்கு. எனக்கு முன்னமே தெரியாது, தந்தவைக்கும் தெரியாது." நிறுத்தி மூச்சு எடுத்தார். "கன நாளா எடுத்தவை சட்டெண்டு நிப்பாட்டாதேங்கோ. நான் நிப்பாட்டித்தான் விழுந்தனான். வச்சிருக்கிறவை எறியாதேங்கோ, போத்தலோட நாளைக்கே டொக்டரிட்டப் போங்கோ. எறிஞ்சவை இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. என்ன எடுத்தனீங்கள் எண்டு சொல்லுங்கோ. மருந்து எடுக்கேல்லை எண்டு சொல்லாதேங்கோ. நான் அப்பிடித்தான் சொன்னனான்."

நடுவரிசையிலிருந்து ஒருவர் எழும்பினார். "கூடாத சாமான் எண்டுறீர், பேந்து எறியாதேங்கோ எண்டுறீர். எதைக் கேக்கிறது?"

சிலர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"அண்ணை, படியால இறங்கிறது மாதிரி இறங்கவேணும். மேலயிருந்து குதிச்சா கால் முறியும். டொக்டர்மார் இறக்கி விடுவினம்."

அவர் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த மனைவி அவர் காதில் ஏதோ சொன்னார். பூசை முடிந்ததும் இருவரும் மண்டபத்துக்கு வராமல் நேரே காருக்குப் போனார்கள்.

ரீச்சர் அன்று பூசைக்கு வரவில்லை. தொலைபேசியையும் எடுக்கவில்லை. "வெட்கத்தில வீட்டுக்குள்ள இருக்கிறா. நான் போறன், நீரும் வாறீரோ?" என்றார் அக்கா. அது வேலை இல்லை. பங்குக்காரி என்ற முறையில் போனேன். லவாலுக்கு மெட்ரோ நீட்டியிருந்த புதிது. ஆற்றுக்கு அடியால் போய், பஸ் மாறி, பனி கரைந்து சேறாக இருந்த நடைபாதையில் மெதுவாக நடந்து போனோம்.

ரீச்சரின் கணவர் கதவைத் திறந்தார். "ரெண்டு நாளா ஒண்டும் சாப்பிடுறாவில்லை. சாப்பிட்டாலும் சத்தி. சோகத்தில படுத்துக் கிடக்கிறா. நீங்கள் கதைச்சுப் பாருங்கோ," என்றார்.

ரீச்சர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அக்காவைக் கண்டதும் எழும்பி இருக்கப் பார்த்தார். முடியாமல் தலையணையில் சாய்ந்தார்.

"என்னை மன்னிச்சுக்கொள்ளும்," என்றார். "உம்மைச் சாகக் குடுத்திருப்பன்."

அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துப் பார்த்தார். "எழும்பினா கண் இருட்டுதோ, ரீச்சர்?"

"ஓம்."

"கால் ரெண்டும் பஞ்சு மாதிரியோ?"

"ஓம். எல்லாம் மனவருத்தம்தான்."

"மனவருத்தமில்லை. எனக்கும் இப்பிடித்தான் இருந்தது. சட்டையை மாத்துங்கோ, ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"நான் அங்க போய் என்னெண்டு சொல்லுறது? நானே வித்தனான் எண்டோ?"

"எடுத்தனான் எண்டு சொல்லுங்கோ. அது காணும்."

அவர் மாட்டேன் என்றார். அக்கா கணவரைக் கார் எடுக்கச் சொன்னார். அலுமாரியைத் திறந்து கோட்டை எடுத்தார். ஒரு கையை உள்ளே விட்டு, மறு கையை உள்ளே விட்டு, குழந்தைக்குப் போடுவது போல ரீச்சருக்குப் போட்டார். ரீச்சர் அதற்குமேல் மறுக்கவில்லை. நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.

அவசரப் பிரிவின் வாசலில் தாதி கேள்விகள் கேட்டபோது, எங்கள் எல்லோரையும்விட நல்ல பிரெஞ்சு தெரிந்த ரீச்சரால் வாய் திறக்க முடியவில்லை. சோர்வா, வெட்கமா, தெரியாது. அக்கா தமிழில் சொன்னார், நான் பிரெஞ்சில் சொன்னேன்: கோர்ட்டிசோன் கலந்த கப்சூல், ஒரு வருடத்துக்கு மேல், சில நாட்களுக்கு முன் ஒரேயடியாக நிறுத்தியது. தாதி உடனே உள்ளே அனுப்பினார். அன்று பின்னேரமே ரீச்சர் தேறிவிட்டார். அக்காவுக்கு நடந்ததுபோல நாட்கணக்கில் தேடவேண்டியிருக்கவில்லை.

அடுத்த வாரங்களில் அதே கேள்விக்காக வெவ்வேறு கிளினிக்குகளுக்கு என்னை அழைத்தார்கள். சிலருக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. கொஞ்ச நாள்தான் எடுத்திருந்தார்கள். சிலருக்குச் சீனி ஏறியிருந்தது. பூசையில் எழும்பிக் கேள்வி கேட்டவருக்கு எலும்பு தேய்ந்திருந்தது. ஒருவரும் சாகவில்லை.

அரசிலிருந்து இருவர் ரீச்சரின் வீட்டுக்கு வந்து விசாரித்தார்கள். அவர் எதையும் மறைக்கவில்லை. கப்சூல் எங்கிருந்து வந்தது என்று ரொறன்ரோத் தம்பியைக் கேட்டார்கள். அவர் இன்னொருவரைக் காட்டினார். அந்த இன்னொருவர் கடையைப் பூட்டிக்கொண்டு போயிருந்தார். இறக்குமதி செய்தவர் யார், கலந்தவர் யார் என்பது கடைசிவரை எங்களுக்குத் தெரியவரவில்லை. ரீச்சருக்குத் தண்டனை எதுவும் இல்லை, எழுத்தில் ஓர் எச்சரிக்கை மட்டும். பங்கில் சிலர் அவரோடு பேசுவதை விட்டார்கள். வேறு சிலர், மிச்சம் ஏதும் இருக்கிறதா என்று இரகசியமாகக் கேட்டார்களாம். அதைத்தான் தன்னால் தாங்கமுடியவில்லை என்று ரீச்சர் அக்காவிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த டொக்டர் தன்னுடைய கேள்வியை மாற்றிக்கொண்டார். மருந்து எடுக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு நிற்பதில்லை. கடையிலோ, கூட்டாளியிடமோ, ஊரிலிருந்தோ வந்த எதையாவது விழுங்குகிறீர்களா, குடிக்கிறீர்களா, பூசுகிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். இதை எந்தச் சொல்லில் கேட்டால் உங்கள் ஆட்களுக்கு விளங்கும் என்று ஒரு நாள் என்னிடம் கேட்டார். மூலிகை, சத்து, கை மருந்து என்று சொன்னேன். அவர் தன் எழுத்தில் குறித்துக்கொண்டார்.

அக்கா ஒரு வருடத்துக்கு மேலாகக் குளிசையைக் குறைத்துக் குறைத்து இறங்கினார். முகம் பழையபடி ஒடுங்கியது. கோயிலில், என்ன இப்படி வாடிப்போனீர் என்று கேட்டவர்களும் இருந்தார்கள். முழங்கால் நோ முழுதாகத் திரும்பி வந்தது. எலும்பு டொக்டரிடம் போனபோது, அவர் முழங்காலுக்குள் ஓர் ஊசி போடலாம் என்றார். என்ன ஊசி என்று அக்கா கேட்கச் சொன்னார்.

"கோர்ட்டிசோன்," என்றார் டொக்டர்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். டொக்டர் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்க அதில் ஒன்றும் இருக்கவில்லை. எவ்வளவு போடுவீர்கள், எத்தனை தரம் போடலாம், உள்ளே வேறென்ன இருக்கும் என்று அக்கா பிறகு நிதானமாகக் கேட்டார். டொக்டர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று அக்கா எழும்பினார்.

கடைசியில் முழங்காலுக்குச் சத்திரசிகிச்சை செய்தார்கள். அதற்காக நீண்டகாலம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஹோட்டலில் அவரை அறைகளிலிருந்து எடுத்துத் துணி மடிக்கும் பகுதியில் விட்டார்கள். அவர் வீட்டில் கிடந்த வாரங்களில் ரீச்சர் லவாலிலிருந்து வந்து, அந்த மூன்று மாடிப் படியும் ஏறிச் சமைத்துக் கொடுத்துவிட்டுப் போவார். ஒரு தரம் நான் பார்க்கப் போனபோது இருவரும் குசினியில் இருந்து மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்கள். ரீச்சரின் விரல்கள் மறுபடி வளைந்து போயிருந்தன. கத்தியைப் பிடிக்கச் சிரமப்பட்டார். அக்கா கத்தியை வாங்கிக்கொண்டு, சீவிய துண்டுகளைக் கழுவும் வேலையை அவரிடம் தள்ளினார். எனக்கும் ஒரு கதிரை இழுத்துப் போட்டார்கள்.